புலவர் முடிவைச் சொல்வதற்கு முன்

புலவர் ஆவுடையப்பன் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச எழுந்தால் அதன் கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பிக்காமல் உட்கார மாட்டார், இது புளியங்குடியில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிந்துமா வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாய் சுந்தரவடிவு என்று என்னையே நான் திட்டிக்கொண்டிருக்கிறேன். மற்றக் கதையென்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். இன்றைக்கு அவர் எடுத்துக்கொண்டிருப்பது அத்தனையும் துப்பறியும் கதை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிளை நூலகத்து மாடி, தலைக்கு மேலே ஃபேன் கடகடக்கிறது, பேனரில் 'அண்மையில் வந்த துப்பறியும் நாவல்களும் சிற்றூர் நாவல்களும்: வாசிக்க வேண்டியவை' என்று போட்டு, கீழே புலவர் படத்தைப் பெரிதாகவும் என் மகள் பகவதி படத்தைச் சின்னதாகவும் அச்சடித்திருக்கிறார்கள். முதல் நாவல் தேயிலைத் தோட்டத்தில் ஒரு தபால்காரர் காணாமல் போகிற கதை. யார் செய்தது என்று மூன்றாவது நிமிடமே சொல்லிவிட்டார். பின்னாலிருந்து மருந்துக்கடைக்காரர், "ஐயா, நான் இப்பந்தான் பாதி படிச்சிருக்கேன்" என்று அலறினார். "அதனாலென்ன தம்பி, மீதிப் பாதியின் நேரம் உங்களுக்கு மிச்சம்" என்றார் புலவர், சபையே சிரித்தது, நானும் சிரித்தேன், சிரித்து முடிப்பதற்குள் இன்னும் எத்தனை புத்தகம் பாக்கி என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். இப்போது இரண்டாவது புத்தகத்தில் இருக்கிறார், நெசவாளர் ஊரில் நடக்கிற கொலை, அடுத்து இன்னொன்று, அதற்கடுத்து நாலாவதாகப் பகவதி எழுதினது. அதில் கடைசி அத்தியாயத்தை நான் இன்னும் படிக்கவில்லை. பெற்றவள் படிக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது, மேடையில் உட்கார்ந்திருக்கிற அவளுக்கும் தெரியாது. 'முடிச்சிட்டியாம்மா' என்று போனில் கேட்டபோது 'ஆமா ஆமா, நல்லா எழுதியிருக்கே' என்று சொல்லி வைத்துவிட்டேன். மகளிடம் பொய் சொல்லும்போது குரல் எப்படித்தான் அத்தனை இனிப்பாக வருகிறதோ.

மேடையில் அவளைப் பார். நீலச் சேலை, நான் எடுத்துக் கொடுத்ததுதான், ப்ளவுஸ் கை கொஞ்சம் தொளதொள, மெட்ராஸில் எந்த டெய்லர் ஒழுங்காகத் தைக்கிறான். ஆறாம் வகுப்பில் இருந்தபடியே இப்போதும் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள்ளே மடக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், பயந்தால் அப்படித்தான் வைப்பாள். என்ன பயம் உனக்கு? எழுதினவள் நீ. பயம் எனக்கல்லவா இருக்க வேண்டும். எலுமிச்சை மார்க்கெட்டைத் தேங்காய் மண்டி ஆக்கிவிட்டாள், ஊர்ப்பெயரை மாற்றிவிட்டாள், அவ்வளவுதான், மற்றதெல்லாம் அப்படியே இங்கே இருக்கிறவர்கள். புத்தகம் வந்த நாளிலிருந்து ஊரில் ஆளுக்கொரு பிரதி வாங்கித் தங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், முடிவைப் பற்றி மட்டும் எங்கள் காதுபட யாரும் பேசுவதில்லை. கமிஷன் கடை முதலாளி, தான் எந்தப் பக்கத்திலும் இல்லையே என்று வருத்தப்பட்டார், அவருக்குக் கொலைகாரனாக இருந்தாலும் சம்மதம்தான். எனக்குப் பிச்சம்மாள் என்று பெயர் வைத்திருக்கிறாள். உலகத்தில் வேறு பெயரே கிடைக்கவில்லை. பிச்சம்மாளுக்கு வாய் நீளம், சாம்பாரில் புளி அதிகம் விடுவாள், யார் அனுதாபமாகப் பேசினாலும் சுருக்கென்று ஏதாவது சொல்லித் துரத்திவிடுவாள். படித்துக்கொண்டே 'இது நானில்லை' என்று வாய்விட்டுச் சொன்னேன், சொன்ன விதமே பிச்சம்மாள் மாதிரி இருந்தது. பக்கத்து நாற்காலியில் பொன்னுத்தாய் மதினி முழங்கையால் இடிக்கிறாள். என் வீட்டுக்காரருடைய கூடப்பிறந்த அக்காள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்து பிடிபடவில்லை என்று நான்தான் அவளுக்குத் தினமும் கொஞ்சம் வாசித்துக் காட்டினேன், நான் நிறுத்தின இடத்திலேயே அவளுக்கும் கதை நிற்கிறது. "வடிவு, எப்பட்டி நம்ம கதைக்கு வருவாரு?" என்கிறாள். நம்ம கதையாம். "வருவாரு, பேசாம இருங்க மதினி." "யாரு கொன்னான்னு இன்னைக்காச்சும் தெரிஞ்சிரும்லா?" அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஆசையும் நடுக்கமும் சேர்ந்தே இருந்தது, அவளுக்கு அது தம்பி அல்லவா.

கதையில் பிச்சம்மாள் புருஷன் கந்தையா தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு போகிறான். நிஜத்தில் இவர் எலுமிச்சை லோடு. கொல்லத்துக்குப் போய்ப் பணத்தை வாங்கிவிட்டு மறுநாள் வந்துவிடுவேன் என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினவர்தான். லாரி வந்தது, டிரைவர் வந்தான், காய் இறக்கினதற்கு ஆள் சாட்சி இருந்தது, 'அண்ணாச்சி நாளைக்கு வாரேன்னு சொல்லி அங்ஙனயே இறங்கிக்கிட்டாக' என்றான் டிரைவர். அந்த நாளைக்குத்தான் இன்னும் வரவில்லை. ஊர் சும்மா இருக்குமா. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்றது ஒரு கூட்டம், ஆற்றில் இறங்கியிருப்பார் என்றது இன்னொன்று, அந்தப் பொம்பளையோட வாய்க்கு எவன்தான் இருப்பான் என்று தண்ணீர்க் குழாயடியில் என் காதுபடவே சொன்னார்கள். சொன்னவளிடம் குடத்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, என் வாய்க்குப் பயப்படாமல் நீ ஒருத்தியாவது நிற்கிறாயே என்றேன். மார்க்கெட்டில் அவர் உட்கார்ந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன், ஏலம் கேட்கக் கற்றுக்கொண்டேன், முதல் மாதம் பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொத்தைக் காயைத் தலையில் கட்டினார்கள், இரண்டாவது மாதம் கட்டவில்லை. அப்புறம் போலீஸிலிருந்து கூப்பிடுவார்கள். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் அடையாளம் தெரியாத உடம்பு கிடைத்தால் வந்து பார்க்க வேண்டும். பஸ் ஏறிப் போவேன். ஆரியங்காவு தாண்டினதும் பச்சைப் பசேலென்று மலை, சீஸன் காற்று, ஜன்னலோரம் எல்லோரும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள், நான் மட்டும் பிணம் பார்க்கப் போய்க்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் பிணவறைக் கதவுக்கு வெளியே நிற்கவைப்பார்கள். உள்ளே ஐஸ் மாதிரி ஒரு வாடை. ஒருவர் துணியை விலக்குவார். நான் முதலில் காலைத்தான் பார்ப்பேன், முகத்துக்குப் போகத் தைரியம் வர நேரமாகும். 'இல்லை' என்பேன். சொன்ன மறுநிமிடம் எனக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, யாரோ ஒருத்தியுடைய புருஷன் செத்துக் கிடக்கிறான், நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பேன், சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். திரும்பி வரும் பஸ்ஸில் சந்தோஷம் மெள்ள மெள்ள வடியும். அங்கே இல்லையென்றால் வேறெங்கே? செத்துப்போகவில்லை என்றால் ஏன் வரவில்லை? தென்காசி வருவதற்குள் அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல ஆகிவிடும்.

பகவதி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போது பிரஸ்காரர் கேட்டார், பெண்ணின் அப்பா பேருக்கு முன்னால் 'திரு' போடவா 'தெய்வத்திரு' போடவா என்று. அவர் என்ன செய்வார், அவருக்கு ஏதாவது ஒன்றை அடிக்க வேண்டும். என் அண்ணன், 'இத்தனை வருஷத்துக்கப்புறம் என்ன வடிவு, சாஸ்திரத்துக்கே பன்னெண்டு வருஷம்தான், தர்ப்பையில உருவம் செஞ்சு காரியத்தை முடிச்சிட்டு தெய்வத்திருன்னு போட்டிருவோம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா ஒரு பதில் வேணும்லா' என்றான். நியாயமாகத்தான் பேசினான், அதனால்தான் கோபம் வந்தது. 'திரு'ன்னு போடுங்க என்றேன். பகவதி அங்கேதான் நின்றாள், எழுத்து மாதிரிகளைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எப்போதுமே பேசினதில்லை. அப்பா எங்கேம்மா என்று முதல் சில நாள் கேட்டாள், அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள், நான் பிணம் பார்க்கப் போகிற நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு வடித்து வைத்திருப்பாள், குழைந்திருக்கும். எங்கே போனாய் என்று கேட்க மாட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து வாடகைக்கு எடுத்த மாத நாவலைப் படிப்போம், அட்டையில் ரத்தமும் கத்தியும் போட்ட நாவல். அவள் முன்பாதியைப் படித்துக்கொண்டு நான் பின்பாதியைப் படித்தால் சண்டை வரும் என்று ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைப் படிப்போம், அவள் தலை என் தோளில் இடிக்கும், நான் முடித்துவிட்டுக் காத்திருப்பேன், அவள் 'ம்' என்றதும் திருப்புவேன். யார் கொன்றது என்று இரண்டு பேரும் பந்தயம் கட்டுவோம். கதையில் எப்படிக் காணாமல் போனவனும் கடைசியில் ஒரு மூலையில் கிடைத்துவிடுவான், உயிரோடோ உயிரில்லாமலோ, யாராவது வந்து நடந்தது இதுதான் என்று நிறுத்திச் சொல்லிவிடுவார்கள். அது போதும் எங்களுக்கு. நாங்கள் இரண்டு பேரும் என்ன தேடுகிறோம் என்று ஒருத்திக்கொருத்தி தெரியும், சொல்லிக்கொண்டதில்லை. அப்படித்தான் இந்தப் பெண் எழுத்துக்காரி ஆனாள். நான் ஆக்கினேனா அவர் ஆக்கினாரா?

மூன்றாவது புத்தகமும் முடிந்துவிட்டது, அதிலும் கொலைகாரியைக் காட்டிக் கொடுத்தாயிற்று. புலவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துத் துண்டால் வாயைத் துடைக்கிறார். "இனி, நம் மண்ணின் மகள் எழுதிய நாவல்" என்றதும் கைதட்டல். பகவதி கட்டைவிரலை இன்னும் உள்ளே மடக்குகிறாள். கந்தையா லாரி ஏறுகிறான். ஐயோ, எவ்வளவு அழகாகச் சொல்கிறார் மனுஷன், குரலுக்குக் குறைச்சலில்லை, நான் படித்தபோதுகூட அவன் இத்தனை கம்பீரமாக ஏறவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மாள் வருகிறாள், தேங்காய் மண்டி பங்காளியை விசாரிக்கிறாள், ஊர் நாலு விதமாகப் பேசுகிறது, சபையில் நாலு பேர் நெளிகிறார்கள். நான் எந்த இடத்தில் நிறுத்தினேன்? பிச்சம்மாள் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிற இடத்தில். உள்ளேயிருந்து ஒருவர் வாங்கம்மா என்கிறார், அத்தோடு அத்தியாயம் முடிகிறது. திருப்பினால் துணியை விலக்கிவிடுவார்கள். என்னால் திருப்ப முடியவில்லை. அந்த வாடை புத்தகத்திலிருந்தே வந்தது, அவளுக்கு எப்படித் தெரியும், நான் ஒருநாளும் சொன்னதில்லையே, சேலையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ, குழைந்த சோற்றைப் போட்டுக்கொண்டே மோந்திருப்பாளோ என் பிள்ளை. துணிக்குக் கீழே யார்? கந்தையாவா, வேறு எவனாவதா? நாற்பது தடவை யோசித்துவிட்டேன். கந்தையாவென்றால் என் மகள் அவரைக் கொன்றுவிட்டாள், நான் பிரஸ்ஸில் நின்று 'திரு' என்று சொல்லிக் காப்பாற்றினவரை அவள் அச்சடித்துத் தெய்வத்திரு ஆக்கிவிட்டாள், இனி ஊர் முழுக்க என் நெற்றிப்பொட்டைத்தான் பார்க்கும். சரி, கந்தையா இல்லையென்றால்? அப்போது அவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான், வேறொரு வீட்டில் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருக்கிறான், வர மனமில்லாமல்தான் வரவில்லை, பிச்சம்மாளை வேண்டாமென்றுதான் போனான், அப்படித்தான் என் மகள் இத்தனை காலமும் நினைத்திருக்கிறாள். எதை நான் கேட்க? செத்தார் என்று கேட்க வேண்டுமா, விட்டுப் போனார் என்று கேட்க வேண்டுமா? ஆண்டவனே, ஒரு பெண்பிள்ளை தன் புருஷன் செத்தது நல்லதென்று நினைப்பாளா, நினைக்கிறாளே, இதோ இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறாளே. இல்லை, உயிரோடு இருக்கட்டும். எங்கேயாவது இருக்கட்டும், இன்னொருத்தி சோறு போட்டாலும் போடட்டும். இல்லை, அதுவும் முடியாது என்னால். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை சில்லென்று இருக்கிறது. புலவர் குரலைத் தாழ்த்திவிட்டார், கதவு வந்துவிட்டது. "பிச்சம்மாள் நிற்கிறாள். உள்ளேயிருந்து அழைப்பு வருகிறது. அன்பர்களே, அவள் உள்ளே அடியெடுத்து வைக்கிறாள். வெள்ளைத் துணி. அந்தத் துணியை விலக்கினால்..."

"ஐயா, சொல்லாதீங்க."

யாரடா அது என்று நானும்தான் திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தது நான். மைக் இல்லாமலே என் குரல் கடைசி வரிசை வரைக்கும் போயிருக்கிறது, ஏலம் கேட்டுப் பழகின குரல். சபை திரும்பிப் பார்க்கிறது. மருந்துக்கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நான் இன்னும் கடைசியைப் படிக்கல" என்றேன், பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவள் மாதிரி. புலவர் வாயைத் திறந்தபடி நின்றார். என்னைப் பார்த்தார், மேடையில் பகவதியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார், அவருக்குப் புரிந்துவிட்டது, ஊரில் எங்கள் கதை தெரியாதவர் யார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையைப் பாதியில் விட்டார். "அன்பர்களே, இப்போது தேநீர்" என்றார். தேநீருக்கு இன்னும் நேரம் இருந்தது, டீக்காரர் வந்திருக்கவேயில்லை, ஆனாலும் எல்லோரும் எழுந்து மரியாதையாகக் கீழே இறங்கிப் போனார்கள். அந்த மனுஷரை இத்தனை நாள் கேலி பண்ணினதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பகவதி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். முன்வரிசை நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு முழங்கால் முட்ட உட்கார்ந்தாள். மதினி எழுந்துகொள்ளவில்லை, எழுந்துகொள்ளவும் கூடாது.

"ஏம்மா, முடிச்சிட்டேன்னு சொன்னே?"

"வாசல்லயே நின்னுட்டேன் தாயி. உள்ள போக முடியல."

அவள் என் சேலை மடிப்பைச் சரி பண்ணினாள், அது சரியாகத்தான் இருந்தது.

"கேட்டிருவோம்" என்று நான்தான் சொன்னேன். "துணியை விலக்குனா யாரு?"

"அப்பாதாம்மா" என்றாள். கந்தையா என்று சொல்லவில்லை.

மதினி "ஐயோ என் தம்பி வேலு" என்று முனகி முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, ஒரு கேள்விதான் வந்தது. யார் கொன்றார்கள் என்று பக்கத்தில் மதினி அழுகையோடு கேட்கிறாள், பகவதி ஏதோ பதில் சொல்கிறாள், பங்காளி, பணம், அதெல்லாம் என் காதில் விழவில்லை, அத்தனை மாத நாவல் படித்தவள் நான், அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"போகும்போதா, வரும்போதா?" என்றேன்.

"என்னம்மா?"

"இங்கேருந்து போற வழியிலயா, திரும்பி வாற வழியிலயா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "வாற வழியிலம்மா. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தாரு. நம்மூர் லாரி ஒண்ணுல இடம் கேட்டு ஏறியிருந்தாரு, ஆரியங்காவு மலையில வச்சுத்தான். நாளைக்கு வாரேன்னு சொன்னாருல்ல, சொன்ன மாதிரிதான் கிளம்பியிருந்தாரு." பிறகு, சின்னப் பெண்ணாய் இருந்தபோது கேட்காததையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில், "அவரு நம்மள விட்டுட்டுப் போகலம்மா. என்னால அப்படி எழுத முடியல. எத்தனையோ விதமா எழுதிப் பாத்தேன், உசிரோட வச்சு எழுதுனா அவரு மேல கோவம் வந்துக்கிட்டே இருந்துச்சு. இதுல வரல" என்றாள்.

வந்துகொண்டிருந்தார். முகம் இந்தப் பக்கம் பார்த்து இருந்திருக்கும். இது கதைதான், நடந்தது இதுவென்று எந்தப் போலீஸும் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை, எனக்குத் தெரியாதா, அத்தனை முட்டாளா நான். ஆனாலும் மலையில் அந்த லாரி இறங்கிக்கொண்டே இருந்தது, அவர் டிரைவர் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், ஜன்னலில் கை வைத்து, மழைக் காற்று சட்டையைப் படபடக்க வைத்தது, இத்தனை வருஷம் கழித்து அவர் முகம் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது. அப்போதுதான் அழுதேன். பகவதி என் தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டாள், எவ்வளவு நேரமோ, கீழே டீ டம்ளர் சத்தம் வந்தது.

"சாப்பிட்டிருந்தாகளா?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்த்திப் பார்த்தாள். அது புத்தகத்தில் இல்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"புனலூர்ல இறங்கிச் சாப்பிட்டாரும்மா" என்றாள். "ரெண்டு புரோட்டா."

"ரெண்டு பத்தாதே அவுகளுக்கு."

"மூணாவதும் வாங்கிக்கிட்டாரும்மா" என்றாள்.